இரண்டிலிருந்து நான்கு வரை

முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. அதன் ஹாலில்தான் என் பள்ளிக்கூடம் நடக்கிறது. மாணவர்கள் மொத்தம் இரண்டு பேர். பத்து வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். தலைமையாசிரியை, ஆயா, வாட்ச்மேன், சத்துணவு அமைப்பாளர் எல்லாம் நான் ஒருத்தியே.

இதைத் திட்டம் போட்டு ஆரம்பித்தேன் என்று சொன்னால் அது பெரிய பொய். பள்ளிகள் எல்லாம் மூடிக் கிடந்த காலத்தில் மகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். திறந்த பிறகும், 'நன்றாகத்தானே படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே' என்று தள்ளிப் போட்டேன். அப்படித் தள்ளிப் போட்டதில் தம்பியும் வந்து அதே பாயில் உட்கார்ந்துவிட்டான். இப்போது அது பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது.

எதிர் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் என்னைக் கேள்வி கேட்பார்.

"இன்னாம்மா, பசங்கள இஸ்கோலுக்கே அனுப்ப மாட்டியா? அப்பறம் வாத்தியாருங்கல்லாம் இன்னாத்துக்கு கீறாங்க?"

"நானே சொல்லித் தர்றேன்க்கா."

"அது சரி. நீ இன்னா படிச்சிக்கீற?"

"பி.எஸ்சி. கணக்குக்கா."

இந்தப் பதிலை நான் யாரிடமும் தயங்கிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு உடனே அடுப்பில் ஏதோ இருப்பதாக உள்ளே ஓடிவிடுவேன். ஏனென்றால் நான் படித்தது பி.எஸ்சி. கணக்குதான், முடிக்கவில்லை. ஒரே ஒரு பேப்பர், புள்ளியியல், அரியர். கல்லூரியில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் புட்டுக்கொண்டது. பிறகு கல்யாணம், மகள், மகன், காலையில் இட்லி, மதியம் குழம்பு என்று அந்த ஒரு பேப்பர் அப்படியே நின்றுபோனது. கணவருக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளிடம் அம்மா டிகிரி முடித்தவள் என்றே சொல்லி வைத்திருந்தேன். டீச்சர் ஃபெயில் என்று தெரிந்தால் மாணவர்கள் மதிப்பார்களா?

போன வருஷம் பழைய கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சிறப்பு வாய்ப்பு தருகிறதாம். இதுதான் கடைசி, இதை விட்டால் படித்த மூன்று வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. அதைப் படித்தபோது தோசைக் கல்லில் தோசை கருகியது. எழுதியே ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். பிள்ளைகளிடம் 'ஒரு கோர்ஸ் படிக்கப் போறேன்' என்று மட்டும் சொன்னேன்.

விண்ணப்பத்தோடு பழைய மார்க் ஷீட்டின் நகல் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் அருகிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நான் ஹேண்ட்பேக்கில் சில்லறை தேடிய நேரத்தில் மகள் மார்க் ஷீட்டை எடுத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான், யாரை நோவது?

"அம்மா, எல்லாத்துக்கும் பாஸ்னு போட்டிருக்கு. இதுக்கு மட்டும் ஆர்.ஏ.ன்னு போட்டிருக்கே. அப்டின்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் மிஷினை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினார். "ஆர்.ஏ.ன்னா அரியர் பாப்பா. ஃபெயிலு. இன்னா மேடம், ஒண்ணே ஒண்ணுதானா? நம்ம ஊட்ல ஒரு தடியன் ஏழு வெச்சிகினு கீறான். அவனே ஜாலியா சுத்திகினு கீறான், நீங்க கவலையே படாதீங்க."

"அம்மா ஃபெயிலா? ஐ!" என்று குதித்தான் மகன். அவனுக்கு அன்று வந்த சந்தோஷம் அவன் பிறந்தநாளுக்குக்கூட வந்ததில்லை. வழியில் பார்த்த காய்கறி வண்டிக்காரரிடமும் சொன்னான்.

மகள் மாடிப்படி ஏறும்போதுதான் கேட்டாள்.

"டிகிரி முடிச்சிட்டேன்னு சொன்னியே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் என் மேல் இருந்தால் எனக்குக் கோபம் சற்றுச் சீக்கிரமாகவே வரும். "பெரிய மனுஷி மாதிரி கேள்வி கேக்காத, போய்க் கைகால் கழுவு" என்று கத்தினேன். அவள் கழுவிவிட்டு வந்து மறுபடி என் எதிரிலேயே நின்றாள்.

"அப்ப நீ எங்களுக்குச் சொல்லித் தர்றதெல்லாம் கரெக்டா?"

சுருக்கென்று தைத்தது. தரையில் உட்கார்ந்து அவளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை எழுதியது, முடியாமல் போனது, சொல்ல வெட்கமாக இருந்தது, பொய் சொன்னது தப்பு, இப்போது கடைசி வாய்ப்பு. அவள் முழுக்கக் கேட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, அப்ப பாஸ் பண்ணு" என்றாள். நான் அவளுக்குக் கணக்குப் போடச் சொல்லும் அதே குரலில்.

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டைம்டேபிளின் முன்னால் போய் நின்றாள். அது நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்தது. தமிழுக்கு நேரம் இருந்தது, கணக்குக்கு இருந்தது, துணி காயப்போட இருந்தது, தண்ணீர் மோட்டாருக்குக்கூடப் பத்து நிமிஷம் இருந்தது. எனக்குத்தான் ஒரு கட்டம்கூட இல்லை. அதைப் பிள்ளை சொல்லித்தான் நான் கவனித்தேன். அவள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு பெரிய கட்டம் போட்டு, உள்ளே 'அம்மா அரியர்' என்று எழுதினாள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை நின்று படித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்கள். மானம் போனது. ஆனால் நேரம் கிடைத்தது.

கிடைத்தது என்று வாய் சொல்கிறது, அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வாரம் மாற்றி வாரம் ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் வாரத்தில் இரண்டரை மணிக்கு அகோரப் பசியோடு வந்து கதவைத் தட்டுவார்.

"இன்னாமே, சோறு எங்க?"

"ஹாட் பாக்ஸ்ல இருக்கு. போட்டுக்கங்க."

"கொழம்பு?"

"அதோ பாருங்க, குண்டானில."

"அப்பளம்?"

"அப்பா! அம்மா அரியர் டைம்!" என்று மகள் ஹாலிலிருந்து அதட்டுவாள். அவர் அப்பளம் இல்லாமலே தின்றுவிட்டு, தட்டையும் கழுவி வைப்பார். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டு நடக்காதது இது.

வீட்டு ஒழுங்கைத்தான் பலி கொடுக்க வேண்டியிருந்தது. நான் மசாலா டப்பாக்களின் மூடிகூட ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. துணி மடிக்க இரண்டு மணி நேரமா, புள்ளியியலுக்கு இரண்டு மணி நேரமா என்று வந்தபோது துணி தோற்றது. கொடியிலிருந்து எடுத்ததெல்லாம் சோபாவில் குவிந்தது. யாருக்கு எது வேண்டுமோ அதிலிருந்து உருவிக்கொள்ள வேண்டியதுதான். கணவர் ஒரு நாள் யூனிஃபார்ம் சட்டைக்காக அதைத் தோண்டியபோது, ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த டிவி ரிமோட்டும் கிடைத்தது. எதிர் வீட்டு அக்கா அந்தக் குவியலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார். எனக்கு முதல் வாரம் அவமானமாக இருந்தது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

படிப்பு மட்டும் மண்டையில் ஏறவில்லை. திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று புத்தகம் ஒரு பக்கம் போனால் நான் வேறு பக்கம் போனேன். ஒரு நாள் காலைப் பாடத்தில் மகளுக்குச் சராசரி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 'வீட்டில் தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றை ஒரு வாரம் எண்ணிக்கொண்டு வா' என்றேன். குக்கர் விசிலை எண்ணுவாள் என்று பார்த்தால், அவள் நான் கத்துவதை எண்ணியிருக்கிறாள். நாள் வாரியாக அட்டவணை. என் சராசரி ஒரு நாளைக்குப் பதினொன்று. பக்கத்தில் இன்னொரு பத்தியில், நான் அன்று எவ்வளவு நேரம் படித்தேன் என்பதும் இருந்தது.

"பாரும்மா. நீ ரெண்டு மணி நேரம் ஃபுல்லா படிச்ச அன்னிக்கு கம்மியாத்தான் கத்தற."

முதலில் ஓங்கி ஒரு கத்தல் கத்தலாமா என்று தோன்றியது. அது பன்னிரண்டாவதாகப் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். பிறகு அந்த அட்டவணையை உற்றுப் பார்த்தேன். அட, இதுதானே ஒட்டுறவு! ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. பென்சிலை எடுத்து அங்கேயே போட ஆரம்பித்தேன். என் கத்தலை வைத்தே திட்ட விலக்கமும் போட்டேன், விடை சரியாக வந்தது. கல்லூரியில் மூன்று வருஷம் புரியாதது என் வீட்டு ஹாலில், துணிக் குவியலுக்குப் பக்கத்தில் புரிந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

பரீட்சை பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில். கணவருக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட், அதனால் பிள்ளைகளை எதிர் வீட்டு அக்காவிடம் விட்டேன். "போ கண்ணு, நா மாதாகிட்ட வேண்டிக்கறேன்" என்று என் நெற்றியில் சிலுவை போட்டார். நான் வீட்டுப் பூஜை அலமாரியில் கும்பிட்டு விபூதியும் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். எந்தப் பக்கத்து உதவியையும் வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

கரையான்சாவடியில் பஸ் நகராமல் நின்று உயிரை வாங்கியது. ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்து, கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு ஹாலுக்குள் நுழைந்தேன். உள்ளே வழக்கமான பரீட்சை எழுத வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றார்கள்.

நான் பதில் சொல்லாமல் ஒவ்வொரு பெஞ்சாக என் நம்பரைத் தேடிக்கொண்டு போனதும் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஹாலே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சுப் பெண் குனிந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, எத்தனாவது வாட்டி?"

"நாலாவது."

"கெத்து ஆன்ட்டி நீங்க" என்று தன் பேனாக்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

ஒட்டுறவில் பெரிய கணக்கு ஒன்று வந்திருந்தது. கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டேன், நேரம் போதவில்லை.

முடிவு வரும் வரை நான் நானாக இல்லை. வந்த அன்று மகள்தான் என் போனில் நம்பரைப் போட்டாள். பக்கம் சுற்றிச் சுற்றி நின்றது. அவள் பார்த்தாள், தம்பியிடம் காட்டினாள், அப்புறம் என்னிடம் சொன்னாள்.

"நாப்பத்திமூணு. பாஸும்மா."

நாற்பது எடுத்தால் போதும். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மகன் பால்கனிக்கு ஓடி, "அம்மா பாஸு!" என்று மொத்த பிளாக்குக்கும் கத்தினான். அக்கா கழுத்தில் டேப்போடு ஓடி வந்து என் வாயில் சர்க்கரையைத் திணித்தார். கணவர் பிரியாணியோடு வந்தார்.

பிரியாணி தின்ற கை காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அதான் முடிஞ்சிடுச்சே, இனிமே ரெண்டு மணிக்கு நீ ஃப்ரீதான? பேங்க் வேல கொஞ்சம் கீது, பாத்துடேன்" என்றார் கணவர். "அந்நேரத்துல ஹெம்மிங் வேல குடுக்கறேன், சும்மா குந்திகினு போடலாம்" என்றார் அக்கா. மகன் அந்த நேரத்தில் கீழே கிரிக்கெட்டுக்கு நான் பந்து பொறுக்க வர வேண்டும் என்றான். மகள்கூட ஃபிரிட்ஜ் பக்கம் போய், கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு 'துணி மடித்தல்' என்று எழுதத் தொடங்கினாள்.

"யாரும் அதைத் தொடக் கூடாது!" என்று கத்தினேன். அப்படி ஒரு கத்தல் நானே என் வாயிலிருந்து கேட்டதில்லை. மகள் பேனாவை மூடினாள்.

"அந்த ரெண்டு மணி நேரம் என்னுது."

"அதான் பாஸ் பண்ணிட்டியே. இன்னும் இன்னாத்துக்கு?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"தெரியாது. எதுக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா குடுக்க மாட்டேன்."

மறுநாள் இரண்டு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். படிக்க ஒன்றும் இல்லை. மேஜையைத் துடைத்தேன், பேனாவைத் திறந்து மூடினேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது பயமாகவும் இருந்தது, தித்திப்பாகவும் இருந்தது. வாசலில் பெல் அடித்தது. பழக்க தோஷத்தில் பாதி எழுந்தும்விட்டேன். அதற்குள் மகன் ஓடும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், பிறகு எதிர் வீட்டு அக்காவின் குரல்.

"இன்னா நைனா, அம்மா கீறாங்களா?"

"கீறாங்க ஆன்ட்டி. ஆனா இப்ப கெடையாது. நாலு மணிக்கு வாங்க."