ஜெபக் குறிப்பில் வராத என் பெயர்

பத்தாவது படிக்கும்போது நான் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினேன். சண்டை போட்டு நிறுத்தவில்லை. "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "பஸ் கிடைச்சுதா?" என்றால் "ம்". அந்த "ம்"மிலேயே எட்டொன்பது வருஷம் ஓடிப்போனது. லிங்கராஜபுரத்தில் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், தாயும் மகளும் அப்படித்தான் இருந்தோம். அந்த வாயை ஆண்டவர் எப்படித் திறந்தார் என்பதைத்தான், சகோதரிகளே, இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையின் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பாட்டு, வசனம், பிறகு ஜெபக் குறிப்பு. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கவலையைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்பார்கள். மாமியாரின் சர்க்கரை வியாதி, வீட்டுக்காரரின் ட்ரான்ஸ்ஃபர், தண்ணீர் வராத போர்வெல், எல்லாம் அங்கே வரும். நல்ல வழக்கம்தான். அந்த ஜெபத்தால் படுக்கையை விட்டு எழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குள் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கை சில்லிட்டுப் போகும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணை மூடினால் இயேசப்பா பக்கத்திலேயே இருப்பார். இப்போது கண்ணை மூடினால் வெறும் இருட்டு. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன்.

"ஜெபம் பண்றப்போ யாரும் கேக்கற மாதிரியே தெரியலம்மா. பயமா இருக்கு. எனக்குப் பைத்தியம் புடிச்சிருமோ?"

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை என் பயம் ஜெபக் குறிப்பாகிவிட்டது.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுவது போல அவர்கள் சபையிடம் ஓடினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கிரேஸ் ஆண்ட்டி என் தலையில் கை வைத்து, "உன் விசுவாசத்துக்காக எல்லாரும் ஜெபிக்கறோம் கண்ணு" என்றார். பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எனக்குக் காது வரை சூடு ஏறியது. பஸ் ஸ்டாப்பில் இன்னொரு ஆண்ட்டி, வயிற்றுப்போக்கை விசாரிக்கிற மாதிரி, "சந்தேகமெல்லாம் நின்னுச்சாம்மா?" என்று கேட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் வாயை மூடிக்கொண்டேன்.

பி.யு.சி. போனது, டிகிரி போனது. பயம் மட்டும் போகவில்லை, அதை மறைக்கப் பழகிக்கொண்டேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. வேடிக்கையைப் பாருங்கள். வீட்டில் "ம்" மட்டும் சொல்கிற பெண், அங்கே ஜென்னி என்ற பெயரில், முகம் தெரியாத அமெரிக்கர்களுடைய வாஷிங் மெஷின் கஷ்டங்களை மணிக்கணக்கில் கேட்டு ஆறுதல் சொன்னாள். ஜென்னிக்குப் பயமே கிடையாது. ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகு நான் யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். எனக்கோ வேண்டும் என்றும் சொல்லத் தெரியவில்லை, வேண்டாம் என்றும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பாதி வழியில் இறங்கி ஒரு கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர், "ஏனாய்த்தம்மா? நீரு பேக்கா?" என்று கன்னடத்தில் விசாரித்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

அந்த இடத்தில்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மனதார ஜெபித்தேன். கண்ணை மூடினால் அதே இருட்டு. இருந்தாலும் சொன்னேன்: "ஆண்டவரே, நீர் இருந்தால், நான் சொல்வதைக் கேட்டு யாரிடமும் சொல்லாத ஒரே ஒரு ஆளைத் தாரும்." வேலையிடத்தில் ஒரு தோழி கிடைப்பாள் என்றுதான் எண்ணினேன். அம்மாவை நான் நினைக்கவே இல்லை.

அந்த வாரக் கூட்டம் எங்கள் வீட்டில். நான் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஜெபக் குறிப்பு நேரம் வந்தது.

"உங்க பொண்ணு ஏன் டல்லா இருக்கா சிஸ்டர்?" என்று கிரேஸ் ஆண்ட்டி ஆரம்பித்தார். "வரனுக்கு என்ன சொல்றா? சொல்லுங்க, குறிப்பா வெச்சு ஜெபிக்கலாம்."

என் கை அப்படியே நின்றது.

அம்மாவின் குரல் கேட்டது. "அவளுக்காக நான் தினமும் ஜெபிக்கறேன் சிஸ்டர். ஆனா அவ விஷயத்தை அவதான் சொல்லணும். ஒருதரம் நான் சொல்லப் போயி, எம் பொண்ணு எங்கிட்ட பேசறதையே விட்டுட்டா. அவ மனசுல இருக்கறது ஆண்டவருக்குத் தெரியும், போதும். கண்ணை மூடுங்க, உங்க மூட்டுவலிக்கு ஜெபிப்போம்."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. அன்று எல்லோருக்கும் ஆறிப்போன டீதான் கொடுத்தேன். அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தால் டீ ஆறாமல் என்ன செய்யும்?

மறுநாள் சனிக்கிழமை. அவரைக்காய் சீசன் அது. ஊறவைத்த அவரைக்கொட்டையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் தோல் பிதுக்க உட்கார்ந்தோம்.

"அம்மா..." என்றேன்.

"ம்?" என்றார்கள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் மூச்சு முட்டியது, ஜென்னி, இருட்டு, எல்லாம். அம்மா நடுவில் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. என் தலையில் கை வைக்கவும் இல்லை. கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே கேட்டார்கள். நான் முடித்த பிறகு, "வரனுக்கு என்ன சொல்லணும்? நீ சொல்றதைத்தான் நான் அவங்ககிட்ட சொல்லுவேன்" என்றார்கள்.

"இப்ப வேணாம்மா."

"சரி."

அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை வருஷம் பயந்தேன்!

அடுத்த வாரம் அம்மாவே என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வழியில் கிரேஸ் ஆண்ட்டி, "எங்கே ரெண்டு பேரும்?" என்றார். "சிவாஜிநகர் வரைக்கும்" என்றார்கள் அம்மா. பொய் இல்லை, டாக்டரும் அங்கேதான் இருந்தார். இது பைத்தியம் இல்லை, வளரும் வயதில் பலருக்கும் தொடங்குகிற பதற்றம்தான் என்று அவர் விளக்கினார். மாத்திரையும் பேச்சுமாக மெல்ல மெல்லத் தெளிந்தேன். சில வருஷம் கழித்து நானே ஆசைப்பட்டு "சரி" சொன்னவரோடு எனக்குத் திருமணம் நடந்தது. இப்போதும் சில நாள் கண்ணை மூடினால் இருட்டுத்தான். அதற்காகப் பேச்சை நிறுத்துவதில்லை. அந்தக் கடை ஓரத்தில் நான் சொன்னதை ஒருவர் கேட்டார் என்று எனக்குத் தெரியும். ஸ்தோத்திரம்!

உங்கள் வீட்டில் "ம்" மட்டும் சொல்கிற பிள்ளை இருக்கிறதா? அந்தப் பெயரை ஆண்டவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவரை நம்பலாம், அவர் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார். நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால், இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைக்காத ஆளை அனுப்புவார்.

இந்தச் சாட்சியை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா அன்னைக்கு அவரைக்கொட்டை பிதுக்கறப்போ கடைசியா ஒண்ணு சொன்னியே, அதை மட்டும் எழுதாதே. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அதனால் அதை எழுதவில்லை.