ஏறலாம்

"ஏறுங்கோ, ஏறுங்கோ. பலகையப் பாத்துக் கால வையுங்கோ!" மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகின் விளிம்பில் ஒரு காலும் இறங்குதுறைப் படியில் ஒரு காலுமாக நின்று, பேணாட் ஒவ்வொருவரையும் கைகொடுத்து ஏற்றுகிறார். இன்பமலர் டீச்சர் வந்ததும் வசனம் சுருங்கிவிடும். "ஏறலாம்," என்பார், கடலைப் பார்த்தபடி. டீச்சருக்குக் கைகொடுப்பதும் கிடையாது. டீச்சர் குடைப்பிடியை நீட்டுவார். பேணாட் அதைப் பற்றி இழுத்து ஏற்றுவார்.

"எங்களுக்கெல்லாம் 'ஏறுங்கோ'. டீச்சருக்கு மட்டும் 'ஏறலாம்'. அதென்ன மச்சான், அரசாங்கக் கச்சேரி நோட்டீஸா?" என்பார் டிக்கட் கொடுக்கும் லாபிர்.

"நீ டிக்கட்டைக் கிழி."

பேணாட்டின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு தேசிக்காய் இருக்கும், குமட்டுகிறவர்களுக்கு முகரக் கொடுக்க. இயந்திரம் இருமினால், "என்ன மோனே, சளியோ?" என்று மூடியில் தட்டுவார்.

பதினைந்து வருடங்களுக்கு முன் அவரும் டீச்சரும் கலியாணம் செய்வதாக இருந்தார்கள். அவர் கத்தோலிக்கர், டீச்சர் மெதடிஸ்ட். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதில் இரு வீடும் விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சருக்கு வேறிடத்தில் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். மூதூருக்கு மாற்றலாகி லோஞ்சேறிய முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார்: "பேணாட் அண்ணை, சிநேகிதரா இருப்பம். ஆனா பழைய 'நீர்' மட்டும் வேண்டாம்."

காதலித்த நாட்களில் ஒருவரையொருவர் 'நீர்' என்றே அழைத்தவர்கள். 'நீங்கள்' என்று சொல்லப் பேணாட்டின் நாக்கு வளையவில்லை. அதனால் முன்னிலையையே கைவிட்டார். டீச்சரைச் சுக்கான் பிடிக்கும் தன் பக்கத்துப் பெட்டியில் இருத்தி, "சாப்பாடாச்சோ?", "மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதாமோ?" என்று ஒரு மணி நேரமும் ஆளில்லா வசனங்களாகவே கதைத்துக்கொண்டு போவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனுசன் தினமும் சவரம் செய்கிறது என்பது லாபிரின் கட்சி.

போன மார்கழியில் குடாவின் வாயில் அலையெழுந்து லோஞ்சு சரிந்தது. டீச்சர் பதறி எழுந்தார்.

"இரும்! எழும்பாதையும், மலர்!"

பேணாட்டின் அந்த 'நீர்' கடைசிப் பலகை வரைக்கும் கேட்டது.

மறுநாளிலிருந்து டீச்சர் முன்னால் பெண்களோடு இருந்துகொண்டார். பெட்டியில் வேறு யாரையும் பேணாட் இருக்கவிடவில்லை. "சாமான் வைக்க வேணும்," என்றார். ஒரு சாமானும் வைக்கவில்லை. இயந்திரத்தின் இருமலையும் விசாரிக்கவில்லை.

"வாய் தவறினதுதானே. ஒரு மன்னிப்புக் கேளன் மச்சான்," என்றார் லாபிர்.

"கேக்கலாம். 'மன்னியுங்கோ' எண்டோ, 'மன்னியும்' எண்டோ?"

லாபிர் டிக்கட்டைக் கிழிக்கப் போனார்.

ஐந்தாம் நாள் காலை டீச்சர் கடைசி ஆளாக வந்தார். "ஏறலாம்," என்றார் பேணாட், கடலிடம். குடை நீளவில்லை. நிமிர்ந்து பார்த்தார். குடை டீச்சரின் கக்கத்தில் இருந்தது.

"கையத் தாரும், அண்ணை. படி வழுக்குது."

லாபிர் டிக்கட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். பேணாட் எண்ணெய்க் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் துடைத்தார்.