சைரனுக்கு எழுந்த பிணம்

என் அப்பா ஒரு போலீஸ் தொடரில் நடித்தவர். சொன்னதும் "இன்ஸ்பெக்டரா?" என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இல்லை, பிணம். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு பிணம். அதில் ஏழெட்டு வாரம் அப்பாதான் செத்தார். ஒரு வாரம் மீசை ஒட்டி, ஒரு வாரம் மீசையை எடுத்து.

அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது. இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்து, "இவன் வாய் திறக்க மாட்டான். ஆனா உண்மையைச் சொல்லுவான்" என்பார். மறுநாள் தெருவே அப்பாவிடம் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிக்கும். அவரும் வாயைத் திறக்காமல் போய்விடுவார்.

உண்மையில் அவர் நடிகரே இல்லை. ரொட்டி பேக்டரியில் ராத்திரி ஷிப்ட். அடுப்பிலிருந்து தட்டு இழுக்கிற வேலை. பக்கத்து ஷெட்டில் ஷூட்டிங். ஒரு நாள் காலையில் வேலை முடிந்து, அங்கே ரொட்டி கொடுக்கப் போயிருக்கிறார். பிணமாகப் படுத்தவனுக்குக் கண்ணிமை துடித்துக்கொண்டே இருந்ததாம். எரிச்சலில் இருந்த டைரக்டர் அப்பாவைப் பிடித்துப் படுக்கவைத்தார். படுத்தவர் அசையவே இல்லை. "பொறக்கும்போதே செத்தவன் மாதிரி இருக்கான்யா!" என்று பாராட்டு வேறு. கலையாவது ஒன்றாவது. மனுஷன் தூங்கிவிட்டார்.

சைரன்தான் அவர் குட்டை உடைத்தது. போலீஸ் வண்டி வருகிற காட்சிக்காக ஒரு நாள் செட்டிலேயே சைரன் ஊதினார்கள். ரொட்டி வெந்துவிட்டால் பேக்டரியிலும் சைரன்தான். பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "தட்டை இழுக்கட்டுமா?" என்று கேட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியை விட்டுவிட்டு வாசல்வரை ஓடினாராம். அதற்கப்புறம் அப்பா படுக்கிற நாளில் செட்டில் சைரனே கிடையாது. பிறகுதான் சேர்ப்பார்கள்.

அம்மா முதல் வாரம் மட்டும் பார்த்தாள். துணி விலகியதும் அலறி மயங்கி விழுந்தாள். அதோடு சரி. அந்தத் தொடரின் இசை கேட்டாலே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

அப்போது எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நானும் தம்பியும் முறை வைத்து அழுவோம். ஷூட்டிங் முடிந்து மதியம் வீடு திரும்பும் அப்பா எங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு, "நீ போய்ப் படு. நான் அங்கயே தூங்கிட்டுத்தான் வந்தேன்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா படுப்பாள், நம்ப மாட்டாள். பிணமாக நடிக்கப் போன இடத்தில் யாராவது தூங்குவார்களா? சைரன் கதையும் தன்னைத் தேற்றுவதற்காகக் கட்டிவிட்டது என்றே நினைத்தாள்.

அப்பாவுக்கு இப்போது முட்டியும் போய்விட்டது, இடுப்பும் போய்விட்டது. பாதி நாள் நாற்காலியில்தான். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "நான் தூங்கித் தூங்கியே இந்த மனுஷன் ஒடம்பக் கெடுத்துட்டேன்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மாதத்திலிருந்து அந்தத் தொடரை மதியத்தில் மறுபடி போடுகிறார்கள். அப்பாவுக்கு ஒரே ஆசை, அம்மா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

"நெசமாப் போறதுக்கு முன்னாடி, பொய்யாப் போனதப் பாத்துடேன்."

"வாயக் கழுவுங்க!"

குழாய் திறக்கும். தினமும் இதே பாட்டு.

நேற்று காலை ஷிப்ட் முடிந்து, அடித்துப்போட்ட மாதிரி வந்து விழுந்தேன். இசை தொடங்கியது. அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. வெறும் காற்று புஸ்ஸென்றது.

"வந்து உக்காரும்மா! இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் முடியவில்லை.

வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் அப்பா, காத்திருந்த களைப்பில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் துணியை விலக்கினார். அந்த வாரப் பிணம் அப்பாதான். அம்மா விரலிடுக்கில் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"கையப் பாருடி."

துணிக்கு வெளியே தொங்கிய கையில் கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. திரும்பி அப்பாவின் நாற்காலியைப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே.

"தூங்கினாத்தான் இவரு இப்பிடி வெரல மடக்குவாரு. முழிச்சிருந்தா வராது." அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "தூங்கியிருக்காருடி. கொஞ்ச நேரமாவது நல்லாத் தூங்கியிருக்காரு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தார் என்று அப்பாவை எழுப்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். திரையில் போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பியது.

"சத்தத்தக் கொறடி, சீக்கிரம். சைரன் வந்தா எந்திரிச்சிடுவாரு."