குந்திதேவி கொடுத்த பயத்தமாவு

எங்கள் நெல்லித்தோப்பில் அந்தக் காலத்தில் யார் முகம் அழகு என்று கேட்டால், எல்லாரும் என் தம்பி கிருஷ்ணசாமியைத்தான் சொல்வார்கள். பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இல்லை என்பவர்கள் என்னிடம் வரட்டும். பகலில் மில்லில் தறி ஓட்டுவான். திருவிழா வந்தால் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுவான். அவன் கொசுவத்தைப் பிடித்து நடப்பதைப் பார்த்துத் தெருப் பெண்கள் தங்கள் நடையைத் திருத்திக்கொண்டார்கள்.

மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போலீஸ் சுட்டதே, அதற்கு முந்தின வருஷம் அந்த முகம் கெட்டது. வேஷத்துக்கு மஞ்சள் அரிதாரத்தையும் முத்துவெள்ளைப் பொடியையும் தண்ணீரில் குழைத்து வெறும் முகத்தில் அப்புவான். விடிவதற்குள் அது காய்ந்து பொருக்காகிவிடும். கிணற்றடியில் துணி சோப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பான், அண்டா விளக்குகிற மாதிரி. கன்னமெல்லாம் கொப்புளம், தாடையில் தோல் உரிந்து சீழ். மூலக்குளத்துத் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கூத்து வாத்தியார் தணிகாசலம் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

“இன்னாடா, துகிலுரியறதுக்கு முன்னாடியே தோலு உரிஞ்சு போச்சே. கொடியேத்தறதுக்குள்ள ஆறலைன்னா திரௌபதி வேஷத்துக்குத் தவளக்குப்பம் வடிவேலுக்குத்தான் பாக்கு வெப்பேன்.”

அன்றைக்கு முழுதும் தம்பி வடிவேலுவின் குரல் தகரக் குரல் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவன் பெண்சாதி செல்வாம்பாள் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் வேலை செய்தாள். அந்த மதாம் வெளியே போய் வந்ததும் முகத்தில் தண்ணீர் படவிடமாட்டாளாம். முதலில் ஏதோ களிம்பு தடவி, மெல்லிய துணியால் ஒத்தி ஒத்திப் பூச்சை எடுப்பாள், பிறகுதான் கழுவுவாள். மூன்று வருஷம் அந்தத் துணிகளைத் துவைத்தவள் செல்வாம்பாள்.

“பூசறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் தடவு மாமா. எடுக்கறதுக்கும் எண்ணெய்தான். அப்பறமா பயத்தமாவு. சோப்பு வாணாம்.”

“பொம்பளை வேஷம் போடறதைப் பொம்பளை நீ எனக்குச் சொல்லித் தரியா? நான் பதினாலு வருஷமா திரௌபதி.”

“நான் பொறந்ததுலேர்ந்து பொம்பளை.”

கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் நான் அவன் பக்கம் பேசவில்லை. அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே சோறு போடுகிறவள் அவள்தானே. மூன்றாம் நாள் கொப்புளம் காதுவரை ஏறியதும், அவள் எதிரில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நாரைக் குப்பையில் போட்டது நான்.

புண் ஆறும்வரை வேப்பிலை வெந்நீரில் கழுவினாள். அவன் கொப்புளத்தைக் கிள்ளப் போனால் கையில் ஒன்று வைத்தாள். பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, பூச்சு எடுக்கத் துணி தயார் செய்தாள். கொடியேறுவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. வாத்தியார் பாக்கை இவனுக்கே வைத்தார்.

முதல் நாள் கூத்தில் கட்டியக்காரன் நடுவில் புகுந்து கேட்டான்: “பாஞ்சாலி, மொகம் இப்படி மின்னுதே, இன்னா சங்கதி?”

முன்வரிசையில் செல்வாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தம்பி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டான். “எல்லாம் எங்க மாமியார் குந்திதேவி சொல்லிக் குடுத்த பயத்தமாவுப் பக்குவம்.”

பக்கத்திலிருந்த பெண்கள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விடிந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடி உட்கார்ந்தான். எண்ணெய்க் கிண்ணம் வரவில்லை.

“செல்வாம்பா.”

“குந்திதேவியைக் கூப்புடு,” என்றாள் அடுப்படியிலிருந்து.

வீம்புக்குத் தானே எண்ணெயை எடுத்துத் தேய்த்தான். நார் பிடித்துப் பழகிய கை. ஒத்தி எடுக்கத் தெரியவில்லை. ஒரு கன்னம் சிவந்து எரிந்தது. இன்னும் துகிலுரிதல் பாக்கி, கூந்தல் முடிப்பு பாக்கி. தவளக்குப்பத்திலிருந்து வடிவேலு வேறு கூத்துப் பார்க்க வந்திருந்தான். மறு கன்னத்தில் மஞ்சள் பூச்சோடு அடுப்படி வாசலில் போய் நின்றான்.

“இப்ப நான் இன்னாதான் செய்யணும்?”

“அவங்க பேரைச் சொன்ன எடத்துலயே எம் பேரையும் சொல்லு.”

“திரௌபதி எப்படிடி உம் பேரைச் சொல்லுவா?”

“அது உம்பாடு.”

எரிகிற கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்தான். அவள் துணியை எண்ணெயில் நனைத்தாள்.

அன்று கூத்தில் கட்டியக்காரனிடம் சொல்லிவைத்து அதே கேள்வியை மறுபடி கேட்க வைத்தான். சபை நடுவில், நகையும் சடையுமாக நின்று, “நேத்து தப்பாச் சொல்லிட்டேன். அது என் பொஞ்சாதி செல்வாம்பா பக்குவம்,” என்றான்.

மூலக்குளத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்த் திரௌபதிக்குப் புருஷன் ஐந்து பேர், பெண்சாதி ஒருத்தி என்பார்கள்.