முதல் கட்டு வாய்க்கு

தொலைபேசியில் அன்ரன் முதலில் அழுதான். பிறகுதான் பேசினான்.

"அக்கா, பன்றி ராசாத்தியை வெட்டிப்போட்டுது. நெஞ்சில. ரத்தம் நிக்குதில்லை."

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், செவன் ஹில்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மிருக வைத்தியசாலையில் நான் நர்ஸ். மன்னார்க்காரனான அன்ரனுக்குக் கிழமை நாட்களில் ஃபாக்டரி வேலை. சனி ஞாயிறில் காடு, பன்றி வேட்டை, தன் நாய் ராசாத்தி. அவளுக்கு முதலுதவிப் பெட்டி அடுக்கிக் கொடுத்தது நான்தான். காயம் கழுவ சேலைன், ரத்தத்தை உறிஞ்சும் தடித்த பேட், பாண்டேஜ் சுருள்கள், உண்ணி பிடுங்கும் கொக்கி, மொட்டை நுனிக் கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் மேலே, கடிக்காதபடி நாயின் வாயில் மாட்டும் வாய்க்கட்டு.

"பேடை வைச்சு அழுத்து."

"கிட்டப் போக விடுறாளில்லை அக்கா."

"வாய்க்கட்டுப் போட்டனியோ?"

"அவள் என்ர பிள்ளை. என்னைக் கடிக்க மாட்டாள்."

"கடிச்சவளோ இல்லையோ?"

"ரெண்டு தரம்."

"அப்ப வாய்க்கட்டை எடு."

"அதை வீட்டில வைச்சிட்டன். பார்க்க ஜெயில் மாதிரிக் கிடந்தது. அந்த இடத்தில பிஸ்கட் வைச்சனான்."

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கண்ணை மூடினேன். நான் அடுக்கிய பெட்டி எனக்குள் திறந்தது.

"ஒரு பாண்டேஜைப் பிரி. வளையமாக்கி மூக்குக்கு மேலால போட்டு இறுக்கு. தாடைக்குக் கீழ ஒருக்காச் சுத்தி, காதுக்குப் பின்னால முடி. மூச்சுத் திணறினா உடனே அவிட்டிடு."

காட்டின் காற்று கேட்டது. ராசாத்தியின் முனகல். "பொறு பிள்ளை, பொறு" என்று அவன் கெஞ்சுவது. பிறகு, "கட்டிட்டன்."

"இப்ப பேட். நல்லா அழுத்து. நனைஞ்சா எடுக்காதை, அதுக்கு மேல இன்னொண்டை வை."

அந்தக் காட்டுக்குக் கிட்ட இருக்கிற கிளினிக்கின் நம்பரைத் தேடி எடுத்தேன்.

"அக்கா, மட்டுப்படுது. ரத்தம் மட்டுப்படுது."

"சுத்திக் கட்டிப்போட்டு வண்டியில ஏத்து. ஆகக் கிட்ட இருக்கிற கிளினிக்குக்குப் போ. நான் சொல்லி வைக்கிறன்."

அங்கே தைத்தார்கள். தையல் பிரிக்க எங்களிடம் வந்த அன்று, ராசாத்தி அவனை இழுத்துக்கொண்டு வாசலில் நுழைந்தாள். நெஞ்சில் நீளத் தையல், வாலில் திருவிழா. காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

வலியில் நாய்க்கு முகம் தெரியாது. பெட்டி அடுக்குகிறவர்கள் பாசத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. நான் கற்றது இவ்வளவுதான். என்னைவிட நன்றாக அதைச் சொல்லிக்கொடுக்கிறவன் அன்ரன். இப்போது தன் வேட்டைக் கூட்டாளிகளை, அவர்களுடைய நாய்களுக்கும் பெட்டி அடுக்கி வாங்க, ஒவ்வொருவராக எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவருகிறான். சட்டைக் கையை மடித்து, ராசாத்தியின் பல் பதிந்த இடத்தைப் பதக்கம் போலக் காட்டுகிறான்.

"முதல் வாயைக் கட்டுங்கோடா. பிறகு கொஞ்சலாம்."