துட்டி சொன்ன வாய்

மந்திரமூர்த்திக்கு ஓட்டு கிடையாது. நகரசபைக்கு வரி கட்டுகிறவனுக்குத்தான் அன்றைக்கு ஓட்டு. அவனோ தூத்துக்குடி கருப்பட்டிக் கடைகளில் மூட்டை தூக்குகிறவன். ஓட்டே இல்லாத அவனை வைத்துத்தான் நாற்பத்தேழில் ஒரு தேர்தலையே களவாண்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மூட்டை தூக்குவது போக அவனுக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் துட்டி சொல்லப் போகிறவன் அவன்தான். வாசலில் நிற்பான். உள்ளே வரமாட்டான், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். இன்னார் தவறிவிட்டார் என்பான்; அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். நாங்களும் ஒன்றே ஒன்றுதான் கேட்போம்: “எப்ப எடுக்காவ?” நிசமா என்று யாரும் கேட்டதில்லை. சாவில் போய் எவனாவது பொய் சொல்வானா?

அந்த வருசம் எங்கள் வார்டில் கருப்பட்டி வியாபாரி தாணுலிங்கம் அண்ணாச்சி நின்றார். எதிர்த்து நின்றவர் உப்பு வியாபாரி வீரபாகு. அண்ணாச்சி கருப்பட்டியில் மண்ணைக் கலக்கிறார் என்று மொட்டை நோட்டீஸ் வந்தது. ரேஷன் சீனியைப் பதுக்கியிருக்கிறார் என்று இன்னொன்று. எல்லாம் பச்சைப் பொய். எங்கள் கடைகளில் அந்தக் காகிதத்திலேயே கருப்பட்டியை மடித்துக் கொடுத்தோம். நோட்டீஸ் எடுபடவில்லை என்றதும் வீரபாகுவின் ஆட்கள், அந்தப் பாவிகள், மந்திரமூர்த்தியின் வாயைத் தேடி வந்தார்கள்.

ஓட்டுப் போடுகிற அன்று விடிந்ததும் வீரபாகுவின் கணக்கப்பிள்ளை அய்யாக்குட்டி மந்திரமூர்த்தியின் குடிசைக்கு ஓடி வந்தான். அய்யாக்குட்டியும் எங்கள் சொந்தக்காரன்தான்.

“ஏலே மந்திரம், சாத்தான்குளத்துல தாணுலிங்கம் அண்ணாச்சியோட அக்கா இசக்கித்தாய் தவறிட்டா. அண்ணாச்சி கார்ல போயிட்டாவ. எல்லாருக்கும் உன்னைச் சொல்லச் சொன்னாவ. சாயங்காலம் எடுக்காவளாம்.”

மந்திரமூர்த்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். துட்டி என்றால் விசாரிக்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. அண்ணாச்சி வீடு பூட்டிக் கிடந்தது. அவர் குடும்பத்தோடு ஓட்டுச்சாவடிக்குப் போயிருந்தார். நாங்கள் அதையும் சாவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டோம். ஓட்டுப் பெட்டி எட்டு மணிக்கு, பஸ் ஏழு மணிக்கு. துட்டிக்குப் போகாதவனோடு உறவு அத்தோடு அறுந்துபோகும், அதுதான் எங்கள் வழக்கம். கடைகளைச் சாத்தினோம். எங்கள் நாற்பத்திரண்டு ஓட்டும் பஸ் ஏறிச் சாத்தான்குளம் போயிற்று.

பெண்கள் தெருமுனையிலேயே தலையை விரித்துப்போட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். இசக்கித்தாய் முற்றத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, யாருக்கு இந்த அழுகை?” என்றாள்.

தனக்குத்தான் என்று தெரிந்ததும் அந்த மனுசி மண்ணை வாரித் தூற்றினாள். திரும்புகிற பஸ் சாயங்காலம்தான்; நாங்கள் ஊர் திரும்பும்போது ஓட்டுப் பெட்டியைச் சீல் வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி பத்தொன்பது ஓட்டில் தோற்றார். வீரபாகுவை மாலை போட்டு, கொட்டடித்துக் கூட்டிப்போனார்கள்.

மந்திரமூர்த்தி போய் அய்யாக்குட்டியின் சட்டையைப் பிடித்தான்.

“எலெக்‌ஷன்னா நாலும் இருக்கும்லே. ஒரு ஆளும் சாகலையே, உனக்கென்ன நஷ்டம்?” என்று சிரித்தானாம் அந்த நாய்.

மறுநாள் மந்திரமூர்த்தி துட்டி சொன்ன அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போனான். “நான் சொன்னது பொய். எனக்குத் தெரியாது” என்று வாசலில் நின்றே சொன்னான். நீ என்னலே செய்வே என்று எல்லோரும் சமாதானம் சொன்னோம். ஆனால் அதற்குப் பிறகு துட்டி சொல்ல யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனைக் குற்றம் சொல்லவில்லை என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் அவனே என் வாசலில் வந்து நின்றான். சொல்லப் போக வேறு ஆள் இல்லை போலிருக்கிறது. என் வீடுதான் முதல் வீடு.

“அண்ணாச்சி, சண்முகத்தாய் தவறிட்டா” என்றான். சண்முகத்தாய் அவன் பெண்டாட்டி.

எப்ப எடுக்காவ என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன என் வாய் கேட்டது வேறு.

“நெசமாவாலே?”

அவன் என்னையே பார்த்தான்.

“வந்து பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றான். அடுத்த வீட்டுக்குப் போகாமல், வந்த வழியே திரும்பி நடந்தான்.