அக்கம்மாள் இடித்த வெள்ளைச் சுவர்

"ரோட்டுக்குன்னு பணம் வந்தா முதல்ல எங்கன போடணும்? நீதேன் பதினொண்ணு படிச்சவனாச்சே, சொல்லு பாப்போம்."

மலையேறும் ஜீப்பில், ஆடிக்கொண்டே அக்கம்மாள் அத்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கம்மாள் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் ஒரே பெண் உறுப்பினர். கூடலூரைத் தாண்டினால் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பஞ்சாயத்துக் கூட்டம் இல்லாத நாட்களில் அவரும் ஏலக்காய் பறிக்கத் தோட்டத்துக்குப் போவார். காலையில் சீனிச்சாமியின் ஜீப்பில் இருபது பெண்கள் ஏறுவார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் பின்படியில் தொங்குவார்கள். உறுப்பினர் ஆன பிறகும் அக்கம்மாளின் இடம் பின்படிதான்.

பாதி மலையில் ஈட்டிமரத்து வளைவு வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். தடுப்புச் சுவர் கிடையாது. போன ஐப்பசி மழையில் அங்கே ஜீப்பின் பின்சக்கரம் சாலையை விட்டு இறங்கியது. பெண்கள் குதித்துத் தப்பினார்கள். சண்முகத்தாய்க்கு மட்டும் கால் முறிந்து, இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அன்றிலிருந்து அக்கம்மாள் பேசியதெல்லாம் அந்தச் சுவரைப் பற்றித்தான்.

யூனியன் சேர்மன் வைகுண்டராஜ் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் கொள்கை வேறு. "ரோட்டுல தார் போட்டா வண்டி ஓடும். வண்டி ஓடுனா ஊரு முன்னேறும். சுவத்து மேலயா வண்டி போகப் போகுது?" என்று மேடையிலேயே கேட்டவர். அந்த வருஷம் வந்த பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். கடைவீதிக்குத் தார், இல்லையென்றால் வளைவுக்குச் சுவர். அக்கம்மாள் விடாமல் நச்சரித்ததால், "சரித்தா, நேர்ல வந்து பாத்துட்டே முடிவு பண்றேன்" என்றார் சேர்மன்.

ஊரே துள்ளியது! பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை சுண்ணாம்பு கரைப்பதுதான். அக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். வளைவின் ஓரத்தில் கிடந்த கற்களைப் பெண்கள் இடுப்புயரத்துக்கு வரிசையாக அடுக்கினார்கள். நீலம் கலந்த சுண்ணாம்பைத் தென்னைநாரில் தொட்டு அடித்தார்கள். மேலே அழகாக ஒரு காவிப்பட்டையும் இழுத்தார்கள். வெயிலில் அது கோவில் மதில் போல மின்னியது. "சேர்மன் கண்ணு கூசணும்!" என்றார் அக்கம்மாள்.

கூசத்தான் செய்தது. மறுநாள் காரை விட்டு இறங்கிய சேர்மன், மாலையைக் கழற்றியபடியே வளைவைப் பார்த்தார்.

"ஏத்தா அக்கம்மா, சுவரு இல்ல இல்லன்னு என் உசுர வாங்குன. அங்கன நிக்கிறது என்ன? ஜோராத்தான இருக்கு! பணத்தத் தாருக்கே குடுத்துருவோம்."

விருந்தாளிக்குச் செய்த மரியாதை, கேட்ட சுவருக்கே உலை வைத்துவிட்டது. சண்முகத்தாய் கம்பை ஊன்றி அக்கம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் போட்டோக்காரர், "அய்யா, அந்தச் சுவத்துல உக்காருங்க. பின்னால பள்ளத்தாக்கு பூராவும் விழும்" என்றார். சேர்மன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனார்.

"அய்யா, உக்காராதீக!"

அலறிய அக்கம்மாள் ஒரே பாய்ச்சலில் போய், சேர்மனின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார். துண்டு கழுத்தை வளைத்து இறுக, சேர்மன் தடுமாறிச் சாலை நடுவில் வந்து விழுந்தார். சேர்மன் துண்டை ஒரு பொம்பளை இழுப்பதா?

"ஏய், என்ன திமிரு!" என்று யாரோ பாய்ந்தார்கள்.

அக்கம்மாள் திரும்பியே பார்க்கவில்லை. காலைத் தூக்கி, தான் அடுக்கிய சுவரை ஓங்கி மிதித்தார். கற்கள் சரிந்தன. வெள்ளைத் தூசி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் மோதிக்கொண்டே பள்ளத்தில் போயின. கடைசிக் கல்லின் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

சேர்மன் எழுந்து, எட்டி நின்றே கீழே பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "இத யாரு கட்டுனது?"

"நாந்தேன். நீங்க வாரீகன்னு மரியாதைக்கு அடுக்குனேன். கொழைச்ச மண்ணு கூட உள்ள இல்லய்யா."

ஜீப்பில் சாய்ந்து நின்ற சீனிச்சாமி மெதுவாகச் சொன்னார்: "சுவத்து மேல வண்டி போக வேணாமுங்கய்யா. சேர்மன் சாஞ்சா தாங்குனாப் போதும்."

முதலில் சிரித்தவர் சேர்மன்தான். பிறகு மலையே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். சண்முகத்தாய் கம்பைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அடுத்த யூனியன் கூட்டத்தில் வைகுண்டராஜ் பேசினார்: "கடைவீதி ஒரு வருஷம் பொறுக்கும். அந்தப் பள்ளம் பொறுக்காது. நான் பாத்துட்டேன்." பணம் சுவருக்கு ஒதுக்கப்பட்டது.

கோடையில் கருங்கல்லும் சிமெண்டுமாகச் சுவர் எழுந்தது. காய்ந்ததும் அக்கம்மாள் முதல் ஆளாகப் போய் அதையும் ஓங்கி மிதித்தார். கால் பெருவிரல் வீங்கிவிட்டது. "ஆத்தாடி, இதுதேன் சுவரு!" என்று நொண்டிக்கொண்டே கத்தினார். வெள்ளையடிக்க வாளியோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "சிமெண்டு வெளிய தெரியட்டும். இனி எவனும் ஏமாறக் கூடாது."

இப்போதும் அவருக்குப் பின்படிதான். ஈட்டிமரத்து வளைவு வந்தால் ஒரு கையை நீட்டிச் சுவரைத் தட்டிவிட்டுத்தான் போவார். அன்று ஜீப்பில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும்.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் பெரிய மனிதர்கள் வருவார்கள். அன்றைக்கு யாராவது சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அக்கம்மாள் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.